தெற்குத் தீவைச் சுற்ற கேம்பர்வேனா, காரும் மோட்டலுமா?

நியூசிலாந்தில் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட ஓட்டுநர் உரிமம் இருந்தால் அதுவே செல்லும். கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி டெக்காபோ, குயின்ஸ்டவுன், மில்ஃபர்ட் சவுண்ட் பார்த்துவிட்டு ஹாஸ்ட் கணவாய் வழியாக மேற்குக் கரையில் ஏறித் திரும்ப 12 நாளாவது வேண்டும். அதைப் படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர்வேனில் சுற்றுவதா, காரில் போய் மோட்டலில் தங்குவதா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

'வேன் எடுத்தால் அறை வாடகை மிச்சம்' என்ற கணக்கு பாதிதான் சரி. பல வேன்கள் டீசலில் ஓடுபவை. டீசல் பங்கில் மலிவாகத் தெரியக் காரணம், சாலை வரி அதில் சேராததுதான். 1,000 கி.மீ.க்கு 76 நியூசிலாந்து டாலர் என்று தனியாக ஒரு வரி உண்டு. வாடகை நிறுவனம் அதைக் கடைசியில் பில்லில் ஏற்றும். நினைத்த இடத்தில் இலவசமாக நிறுத்தித் தூங்கவும் முடியாது. உள்ளூராட்சி அனுமதித்த இடங்களிலும் பெரும்பாலும் பச்சை வாரன்ட் அட்டை (தண்ணீர், கழிப்பறை வசதியெல்லாம் வண்டிக்குள்ளேயே உண்டு என்ற சான்று) கேட்பார்கள். புதிய விதிப்படி, வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிப்பறை இருந்தால்தான் அந்த அட்டை கிடைக்கும். தூக்கி வைக்கும் வாளி வகை செல்லாது.

அந்தக் கழிப்பறையைக் காலி செய்வது உங்கள் வேலை. 'டம்ப் ஸ்டேஷன்' (கழிவு கொட்டும் இடம்) பலகை பார்த்து நிறுத்தி, வெளிப்பக்கக் கதவைத் திறந்து கேசட்டை, அதாவது கழிவுத் தொட்டியை, இழுங்கள். மூக்குக் குழாயைத் திருப்பி, மூடியைக் கழற்றி ஊற்றும்போது காற்றுப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுக்காவிட்டால் குபுக் குபுக்கென்று காலில் தெறிக்கும். அலசி, கொஞ்சம் தண்ணீரும் மருந்தும் விட்டு மாட்டினால் முடிந்தது. பக்கத்திலேயே குடிநீர்க் குழாயும் இருக்கலாம். கேசட்டை அதில் கழுவாதீர்கள். இரண்டு பேர் பயன்படுத்தினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இந்த வேலை வரும்.

மின்சாரத்திலும் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஓடும்போது சார்ஜ் ஆகும் பேட்டரி, விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும்தான். சுவர் பிளக்குகளில் மின்சாரம் வர, வண்டியை நிறுத்தித் தங்கும் ஹாலிடே பார்க்கில் காசு கொடுத்து, மின் இணைப்புள்ள பவர் சைட்டில் வயரை மாட்டியாக வேண்டும். ரைஸ் குக்கர் கொண்டுபோகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது.

காரோடு மோட்டல் என்றால் இதெல்லாம் இல்லை. நியூசிலாந்து மோட்டல் அறைகளில் பெரும்பாலும் அடுப்போடு சின்னச் சமையல்கட்டும் இருக்கும். சோறு வைத்து ரசம் கொதிக்கவிட்டாலும் வாசனை படுக்கையில் ஒட்டாது. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. சின்ன ஊர்களில் மோட்டல் அலுவலகத்தை மாலையிலேயே மூடிவிடுவார்கள்; தாமதமானால் போன் செய்து சாவியை எங்கே வைப்பார்கள் என்று கேட்டுவையுங்கள். ஹாஸ்ட் வழியில் சிக்னல் பெரும்பாலும் இருக்காது, ஆகவே அதற்கு முன் வரும் வனாகா ஊரிலேயே பேசிவிடுவது நல்லது. டிசம்பர், ஜனவரியில் முன்பதிவு இல்லாமல் போனால் அலைய வேண்டியதுதான். வேனுக்கு இந்தக் கவலை குறைவு.

சாலையில் கார்தான் ஜெயிக்கிறது. டி அனா ஊரிலிருந்து மில்ஃபர்டுக்கு சுமார் 120 கி.மீ.; காரில் இரண்டு மணி நேரம், வேனில் கூடுதலாக அரை மணி. இடையில் பங்க் கிடையாது. மே முதல் நவம்பர் வரை, பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் மாட்டும் சங்கிலி கொண்டுபோகச் சொல்லும் நாட்கள் வரும். சின்னக் காருக்குப் பெரும்பாலும் முன்சக்கரத்தில், டொயோட்டா ஹையேஸ் வகை வேனுக்குப் பின்சக்கரத்தில் மாட்ட வேண்டும். எஞ்சின் இழுக்கும் சக்கரத்தில் மாட்டாவிட்டால் பயனில்லை. காற்றடிக்கும் நாளில் உயரக் கூரை வேன் தடம் விட்டுத் தள்ளப்படும். கிளை உரசி மேற்கூரை கிழிந்தால் பல ஒப்பந்தங்களில் காப்பீடு கிடைக்காது. கையெழுத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

ஏழு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் சைல்டு சீட் கட்டாயம். இருவர் படுக்கும் வேன் பலவற்றில் அதை மாட்ட வழியே இருக்காது, குழந்தையோடு போகிறவர்களுக்குக் கார்தான். குளிர்காலம் என்றாலும் காரையே சொல்வோம்: விடிந்தால் வேன் கண்ணாடியெல்லாம் உள்ளே நீர் கோத்திருக்கும். கோடையில், பிள்ளைகள் இல்லாத இருவர், தினம் ஓர் ஊர் என்றால் வேன். மேற்குக் கரையில் மட்டும் சாண்ட்ஃபிளை என்ற சின்ன ஈ கடிக்கும், கதவைத் திறந்துபோட்டுச் சமைக்காதீர்கள்.

மில்ஃபர்ட் சாலையில் வரும் ஹோமர் சுரங்க வாசலில் காத்திருக்கும்போது கியா கிளிகள் வந்து கண்ணாடி ரப்பரைப் பிய்க்கும். அவை காரென்றும் வேனென்றும் பார்ப்பதில்லை.