வெளியே நிற்பதற்கு என்ன விலை? பாரிஸ், கார்பன் எல்லை வரி, மான்ட்ரியல்: ஓர் ஒப்பீடு

மாணவர்களுக்கான மாதிரிப் பேச்சுவார்த்தை ஒன்றுக்குக் காலநிலை ஒப்பந்த வரைவு தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. ஆளுக்கொரு நாட்டின் பெயர்ப்பலகையை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேரம் பேசுவார்கள். அவர்கள் வெட்டவும் ஒட்டவும் ஓர் அடிப்படை வரைவு வேண்டும். எதைப் பார்த்து எழுதுவது? பாரிஸ் ஒப்பந்தமா, ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் எல்லை வரியா, 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் நெறிமுறையா? மூன்றையும் வரிவரியாகப் படித்தபின் மான்ட்ரியலை எடுத்தேன். ஓசோனுக்காகப் போட்ட பழைய ஒப்பந்தத்தைப் போய் ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அதற்கான பதில்தான் இது.

பாரிஸின் பெருமை எல்லோருக்கும் தெரியும். 2015 டிசம்பரில் கிட்டத்தட்ட உலகத்தின் எல்லா நாடுகளையும் ஒரே காகிதத்தை ஒத்துக்கொள்ள வைத்தது. அதற்கு முந்தைய கியோட்டோ நெறிமுறை தொழில்வள நாடுகளுக்கு மட்டும் கட்டாய இலக்கு வைத்தது. அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. கனடா பாதியில் விலகியது. அந்த அடியிலிருந்து கற்ற பாடம்தான் பாரிஸ்: இலக்கை அவரவர் தானே குறித்துக்கொள்ளட்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை அதை உயர்த்தட்டும். இது சாதாரண விஷயம் இல்லை. எதிர்பார்க்கப்படும் வெப்ப உயர்வின் கணிப்பு 2015க்கு முன்பு இருந்ததைவிட இன்று குறைந்திருக்கிறது. அதில் பாரிஸுக்கும் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். சூரிய மின்தகடுகள் மலிவானதற்கு எவ்வளவு பங்கு, ஒப்பந்தத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

ஆனால் அதன் 15ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். சொன்னதைச் செய்யாத நாட்டை என்ன செய்வது? ஒரு குழு இருக்கிறது. அது உதவி செய்யும், தண்டிக்காது என்று பிரிவே சொல்லிவிடுகிறது. விலகுவதும் எளிது: அறிவிப்புக் கொடுத்துவிட்டு ஓராண்டு காத்திருந்தால் போதும். அமெரிக்கா 2020 நவம்பரில் வெளியேறியது, 2021 பிப்ரவரியில் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் மறுபடியும் விலகல் அறிவிப்புக் கொடுத்தது. எந்த முறையும் ஒப்பந்தத்தின் பெயரால் அதன் ஒரு பெட்டி சரக்குகூட எந்தத் துறைமுகத்திலும் நிற்கவில்லை.

மூன்றையும் நான் எடைபோட்ட கேள்வி இதுதான்: ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் நாட்டுக்கு அதனால் என்ன இழப்பு? இலக்கு, நிதி, அறிக்கை, கண்காணிப்பு எல்லாம் முக்கியம்தான். ஆனால் நீ குறைத்தாலும் நான் குறைத்தாலும் பலன் எல்லோருக்கும் ஒன்றே என்னும்போது, அடுத்தவன் குறைக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் லாபம். அந்த லாபத்தை அழிக்காத ஒப்பந்தம் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நிற்கிறது. ஆட்சி மாறும்போது நல்லெண்ணமும் மாறுகிறது.

கார்பன் எல்லை வரி இந்தக் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. இரும்பு எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகிய ஆறும் ஐரோப்பாவுக்குள் வரும்போது, அவற்றைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கு விலை கொடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் அறிக்கை கொடுக்கும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரி முதல் முழு நடைமுறைக்கு வந்திருக்கிறது. உற்பத்தி நாட்டிலேயே கார்பனுக்கு விலை செலுத்தியிருந்தால் அது கழிக்கப்படும். சரி, நல்ல ஏற்பாடு. ஐரோப்பியருக்கு ஏன் கட்டவேண்டும், நம் கருவூலத்துக்கே கட்டலாமே என்று மற்ற நாடுகள் யோசிக்க இது வழி செய்கிறது.

எனக்கு இடிப்பது வேறு இடம். இந்த விதியை எழுதியது ஒரு தரப்பு, வரியை வசூலிப்பதும் அதே தரப்பு. வளரும் நாட்டு எஃகு ஆலை பழைய உலையை மாற்ற அந்தப் பணத்திலிருந்து ஒரு காசாவது வருமா என்றால், சட்டத்தில் அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை. இரு நூற்றாண்டாகப் புகைத்தவருக்கும் நேற்று அடுப்பு பற்றவைத்தவருக்கும் ஒரே கணக்கு. இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா போன்றவை எதிர்ப்பதில் சுயநலம் இருக்கலாம், நியாயமும் இருக்கிறது.

வர்த்தகச் சட்டத்திலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. கடல் ஆமைகளைக் காக்கும் கருவி பொருத்தாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடை செய்தபோது இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து வழக்குப் போட்டன. 1998இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு சொன்னதைச் சுருக்கினால்: ஆமையைக் காக்கும் நோக்கம் சரி, நடைமுறைப்படுத்திய விதம் தவறு. சில நாடுகளோடு உட்கார்ந்து பேசி அவகாசமும் கொடுத்த அமெரிக்கா, வழக்குப் போட்ட நாடுகளோடு அப்படிப் பேசவில்லை. விதியைத் திருத்தி, பேச முயற்சியும் எடுத்தபின் 2001இல் அதே தடை செல்லும் என்று தீர்ப்பானது. பேசிவிட்டுப் போடும் தடை நிற்கும், பேசாமல் போட்டால் சிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் மான்ட்ரியல். அதன் 4ஆம் பிரிவைப் படித்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தில் சேராத நாட்டிலிருந்து, ஓசோனை அழிக்கும் குளிர்பதன வாயுவான குளோரோஃபுளோரோகார்பன் வாங்கக் கூடாது என்ற தடை 1990இலேயே தொடங்கியது. 1993 முதல் சேராத நாட்டுக்கு விற்கவும் கூடாது. ஓசோனை அழிக்கும் இத்தகைய வாயுக்கள் உள்ளே இருக்கும் குளிர்பதனப் பெட்டி, கார் ஏசி, தீயணைப்பான் போன்றவற்றையும் சேராத நாடுகளிடமிருந்து வாங்கக் கூடாது. இப்போது ஒரு நாட்டின் வர்த்தக அமைச்சர் போடும் கணக்கை யோசித்துப் பாருங்கள். வெளியே நின்றால் தடையின்றி உற்பத்தி செய்யலாம். வாங்க ஆள் இருக்க மாட்டார்கள். ஒவ்வொரு நாடு உள்ளே போகும்போதும் வெளியே மிச்சமிருக்கும் சந்தை சுருங்கும். தென் கொரியா 1992இல் சேர்ந்தது. குளிர்பதனப் பெட்டியும் காரும் ஏற்றுமதி செய்து வளர்ந்துகொண்டிருந்த நாட்டுக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இதே பிரிவில் ஒரு சன்னலும் திறந்திருந்தது: ஒப்பந்தத்தில் சேராமலே அதன் விதிகளை முழுதாகக் கடைப்பிடிப்பதாக நிரூபித்தால் அந்த நாட்டோடு வர்த்தகம் செய்யலாம். கையெழுத்தைவிடச் செயலைப் பார்த்த இந்த ஒரு வரிக்காகவே அதை எழுதியவர்கள்மீது மதிப்பு வருகிறது.

தடை மட்டும் இருந்திருந்தால் இதையும் எல்லை வரியோடு சேர்த்து ஒதுக்கியிருப்பேன். அதோடு மூன்று விஷயங்கள் பிணைந்திருந்தன. இந்த வாயுக்களைத் தலைக்கு ஆண்டுக்கு 0.3 கிலோவுக்கும் குறைவாகப் பயன்படுத்திய வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம். மாற்றத்துக்கு ஆகும் கூடுதல் செலவை ஏற்க ஒரு பலதரப்பு நிதியம். அந்த நிதியத்தின் செயற்குழுவில் பணக்கார நாடுகளுக்கு ஏழு இடம், வளரும் நாடுகளுக்கும் ஏழு இடம். இவை சும்மா வந்துவிடவில்லை. 1987 வாசகத்தில் நிதியம் கிடையாது. பணத்துக்கு வழி சொல்லாமல் சேரமாட்டோம் என்று இந்தியாவும் சீனாவும் நின்றன. 1990இல் லண்டனில் நிதியம் ஒத்துக்கொள்ளப்பட்டது. 1991இல் சீனாவும் 1992இல் இந்தியாவும் உள்ளே வந்தன. 2009இல் உலகின் எல்லா நாடுகளும் ஏற்ற முதல் ஐ.நா. ஒப்பந்தமாக அது ஆனது. கதவைச் சாத்துவோம் என்ற எச்சரிக்கையும் உள்ளே வர ஆகும் செலவைத் தருகிறோம் என்ற கையும் ஒன்றாக இருந்ததால்தான் இது நடந்தது. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது நிற்காது.

இது ஓசோனோடு முடிந்த கதையும் இல்லை. பழைய வாயுக்களுக்குப் பதிலாக வந்த ஹைட்ரோஃபுளோரோகார்பன்கள் ஓசோனைத் தொடாது, புவியைச் சூடாக்கும். அவற்றைக் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் இதே நெறிமுறைக்குத் திருத்தம் வந்தது. முழுதாக நடந்தால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அரை டிகிரி வரை வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்பது மதிப்பீடு. சேராத நாடுகளோடு வர்த்தகத்தைத் தடுக்கும் கதவு இதற்கும் உண்டு, 2033இல் மூடும். பாரிஸைப் பல ஆண்டுகளாகப் பந்தாடும் அமெரிக்காவில், 2022 செப்டம்பரில் கிகாலி திருத்தத்தைச் செனட் 69க்கு 27 என்று ஏற்றது. இரு கட்சியினரும் வாக்களித்தார்கள். வெளியே நின்றால் சந்தை போகும் என்று குளிர்பதனத் தொழில்துறையே அங்கே வாதாடியது.

எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்க முடியாது. குளோரோஃபுளோரோகார்பனைத் தயாரித்தவை சில நிறுவனங்கள். மாற்றுப் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கார்பன் அப்படியில்லை, சோறு வடிப்பதிலிருந்து விமானம் ஓட்டுவதுவரை எல்லாவற்றிலும் இருக்கிறது. இதைவிடக் கூர்மையான இடம் மான்ட்ரியலின் உள்ளேயே இருக்கிறது. பொருளுக்குள் வாயு இல்லை, தயாரிக்கும்போது மட்டும் பயன்படுத்தினார்கள் என்றால் அதையும் தடுக்கலாமா என்று பரிசீலிக்கச் சொல்லியிருந்தார்கள். பிறகு நடைமுறைக்கு ஒத்துவராது என்று கைவிட்டார்கள். கார்பன் விஷயத்தில் நமக்குத் தேவைப்படுவது துல்லியமாக அதுதான். எஃகுத் தகட்டைத் தட்டிப் பார்த்தால் நிலக்கரியில் உருக்கியதா மின்சாரத்திலா என்று தெரியாது.

இங்கேதான் எல்லை வரிக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆலை ஆலையாகக் கார்பனைக் கணக்கெடுக்கும் முறையை அது உருவாக்கிக்கொண்டிருக்கிறது; ஏற்றுமதியாளர்கள் ஏற்கெனவே படிவம் நிரப்புகிறார்கள். அந்தக் கணக்கேட்டை எடுத்துக்கொண்டு, விதி எழுதும் உரிமையையும் வசூலாகும் பணத்தையும் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக்கினால் என்ன? என் வரைவு அதுதான். எல்லாக் கார்பனையும் ஒரே மூச்சில் பிடிக்காமல் எஃகு, சிமென்ட், அலுமினியம் என்று துறை துறையாகப் போகும். இது ஓடுமா? கிகாலியின் கதவு மூடும்வரை, புவியைச் சூடாக்கும் வாயுக்கள் விஷயத்தில் நமக்கு நிரூபணம் கிடையாது. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழு 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை என்பதும் உறுத்துகிறது. யாராவது வழக்குப் போட்டால் அந்தக் குழுவிடமிருந்து இறுதித் தீர்ப்பு கிடைக்காது.

ஒரு எண் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மான்ட்ரியல் நடைமுறைக்கு வர 11 நாடுகள் ஏற்கவேண்டும், உலகப் பயன்பாட்டில் மூன்றில் இரண்டு பங்கு அவற்றிடம் இருக்கவேண்டும் என்று வைத்திருந்தார்கள். பெரிய சந்தை உள்ளே வந்தபின்புதான் கதவு மூடத் தொடங்கும் என்பது அதன் அர்த்தம். எஃகில் உலக உற்பத்தியில் பாதிக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. வரம்பைப் பாதி என்று வைத்தால்கூடச் சீனா இல்லாமல் ஒப்பந்தம் பிறக்காது. மிகவும் தாழ்த்தினால் வெளியே நிற்பவருக்கு விற்க நிறைய இடம் மிச்சமிருக்கும். மாணவர்களுக்குக் கொடுத்த வரைவில் அந்த எண்ணுக்கான இடத்தைக் காலியாகவே விட்டேன், முதல் நாள் காலையில் அதைத்தான் பேசச் சொல்லியிருக்கிறேன்.