மடல் பெட்டியில் இருக்கிறது, தேடலில் இல்லை: தண்டர்பேர்டும் மின்னஞ்சல் வழங்கியும், என் நீண்டகால அனுபவம்

ஹட்டன் நகரில், தோட்டத் தொழிலாளர்களுக்கு ஊழியர் சேமலாப நிதி, பிறப்புச் சான்றிதழ், காணி ஆகியவை தொடர்பான கடிதங்களை எழுதிக் கொடுக்கும் ஒரு சிறிய அலுவலகத்தில் 2018ஆம் ஆண்டிலிருந்து தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் செயலியைப் பயன்படுத்தி வருகிறேன். எங்கள் மடல்கள் கொழும்பிலுள்ள ஒரு சேவையாளரின் வழங்கியில் (சர்வரில்), டவ்கொட் என்னும் மென்பொருளின் பொறுப்பில் இருக்கின்றன. இரண்டும், மடல்களை வழங்கியிலேயே வைத்துக் கையாள உதவும் ஐமேப் நெறிமுறை வழியாகப் பேசிக்கொள்கின்றன. அனுப்புவதிலும் பெறுவதிலும் எனக்குக் குறை எதுவுமில்லை. எங்கள் வேலையே பழைய கடிதங்களைத் தேடி எடுப்பதுதான் என்பதால், தேடலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

2021இல் ஒரு மழைநாளில், டிக்கோயாவிலிருந்து ஓய்வுபெற்ற தொழிலாளியான ஓர் அம்மா வந்திருந்தார். அவருடைய சேமலாப நிதிக் கோரிக்கைக்குப் பதில் வந்ததை நானே முன்னொரு நாள் வாசித்திருந்தேன். தோட்டத்தின் பெயரைத் தட்டச்சு செய்தேன். ஒரு மடலும் வரவில்லை. “கடுதாசி கெடைச்சிருச்சா தம்பி?” என்று அவர் இரண்டு முறை கேட்டார். மூன்று நாட்களுக்குப் பிறகு, கோப்புறையை மேலிருந்து கீழாக உருட்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தேன். அதற்குள் அவர் இன்னொரு முறை பேருந்துக்குச் செலவழித்து வந்து போயிருந்தார். அன்றிலிருந்துதான் இந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, தேடுவது யார் என்பதுதான். தண்டர்பேர்டில் தேடல் மூன்று வகைப்படும். கோப்புறையின் மேலே உள்ள விரைவு வடிகட்டி, திறந்திருக்கும் பட்டியலைச் சலிக்கிறது. மேல் பட்டையிலுள்ள பொதுத் தேடல், நம் கணினியில் தண்டர்பேர்ட் தானே தொகுத்து வைத்திருக்கும் சொல்லடைவை (எந்தச் சொல் எந்த மடலில் உள்ளது என்னும் பட்டியலை) பார்க்கிறது; வழங்கியிடம் எதையும் கேட்பதில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் விசைகளால் திறக்கும் ‘மடல்களைத் தேடு’ சாளரத்தில் ‘தேடலை வழங்கியில் நடத்து’ என்னும் பெட்டியில் குறியிட்டால் மட்டுமே கேள்வி வழங்கிக்குப் போகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல் நான் மாதக்கணக்கில் சேவையாளரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று பொய்த்தது பொதுத் தேடல். டொங்கிளில் டேட்டாவை மிச்சப்படுத்துவதற்காக, அண்மைய மடல்களின் உடலை மட்டும் கணினியில் வைத்துக்கொள்ளுமாறு நான்தான் அமைத்திருந்தேன். உடல் இறங்காத மடலின் தலைப்பு, அனுப்பியவர் பெயர் போன்றவையே சொல்லடைவில் ஏறும்; தோட்டத்தின் பெயரோ உடலில் இருந்தது. எல்லாக் கோப்புறைகளையும் கணினியில் வைக்கும்படி மாற்றி, செயலியை மூடிவிட்டு, பயனர் கோப்பகத்திலுள்ள ‘குளோபல்-மெசேஜஸ்-டிபி’ கோப்பை நீக்கி, மீண்டும் திறந்தேன். அது சொல்லடைவை முதலிலிருந்து கட்டத் தொடங்கியது. எங்கள் இணைப்பில் இரண்டு இரவுகள் பிடித்தன. அதன்பின் பொதுத் தேடல் நம்பகமாக இருக்கிறது.

வழங்கிப் பக்கத்துச் சிக்கல் வேறு வகையானது. தலைப்பு, அனுப்பியவர், தேதி ஆகியவற்றைத் தேடினால் விடை உடனே வந்தது. உடலில் தேடினால் சாளரம் உறைந்ததுபோல் நின்று, சில வேளைகளில் வெறுமையாக முடிந்தது. காரணத்தைப் பிரித்தறிய, தண்டர்பேர்டை ஒதுக்கிவிட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல் கருவியால் 993ஆம் துறை (போர்ட்) வழியாக வழங்கியோடு நேரடியாகப் பேசினேன். ‘தேயிலை’ என்ற சொல்லைக் கேட்பதாயின், அது யுடிஎஃப்-8 என்னும் யூனிகோடு குறிமுறையில் வருகிறது என்று முதலில் அறிவித்து, அதன் நீளத்தை நெளி அடைப்புக்குள் பைட் கணக்கில் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்துகள். உள்ளே ஆறு குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 18. எண்ணைக் கூட்டி எழுதிவிட்டால் வழங்கி மீதிப் பைட்டுகளுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். சரியாகக் கொடுத்தபோது, அஞ்சல்பெட்டியில் இத்தனை விழுக்காடு தேடியாயிற்று, இன்னும் இவ்வளவு நேரம் ஆகும் என்று டவ்கொட் இடையிடையே அறிவித்துக்கொண்டே வந்தது. அதாவது அது பழுதாகவில்லை. சொல்லடைவு இல்லாததால் ஒவ்வொரு மடலையும் திறந்து, குறிமுறை நீக்கி, வாசித்துக்கொண்டிருந்தது. பொறுமை இழந்து இணைப்பைத் துண்டித்தது எங்கள் பக்கம்தான்.

குறிமுறையைப் பற்றி இன்னொன்று. 2003இல் வந்த ஐமேப் நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 3501, தேடலில் ஆங்கில எழுத்துகளுக்கான ஆஸ்கி குறிமுறையை மட்டுமே கட்டாயமாக்கியிருந்தது. 2021இன் ஆர்எஃப்சி 9051தான் யுடிஎஃப்-8ஐயும் கட்டாயமாக்கியது. ஆகையால் ஆங்கிலச் சொல் கிடைத்து, தமிழ்ச் சொல் மட்டும் கிடைக்காவிட்டால், வழங்கி எந்த நெறியைப் பின்பற்றுகிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. தண்டர்பேர்டைத் தொடங்கும்போது ஐமேப் பதிவேட்டை இயக்கி வைத்தால், அது என்ன கேட்டது, வழங்கி என்ன சொன்னது என்பதை வரிவரியாகப் பார்க்கலாம். அந்தக் கோப்பில் மடல்களின் உள்ளடக்கமும் பதிவாகிவிடக்கூடும் என்பதால், பிறருக்கு அனுப்புமுன் நீக்க வேண்டியவற்றை நீக்கிவிட வேண்டும். எங்களிடம் இருப்பவை பிறருடைய சேமலாப நிதிக் கணக்குகள். இதில் அசட்டை கூடாது.

2023இல் சேவையாளர் டவ்கொட்டுடன் ஃபிளாட்கேர்வ் என்னும் சொல்லடைவு நீட்சியைச் சேர்த்தார். நிமிடங்கள் விநாடிகளாயின. ஆனால் புதிய குறை ஒன்று முளைத்தது. ‘நிதி’ என்று தேடினால், ‘சேமலாபநிதி’ என்று சேர்த்து எழுதப்பட்ட மடல்கள் வரவில்லை. முன்பு மெதுவாகவேனும் வந்தவை அவை. ஐமேப் நெறி சொல்லின் எந்தப் பகுதியையும் பொருத்தச் சொல்கிறது. இந்த நீட்சியோ இயல்புநிலையில் சொல்லின் தொடக்கத்தை மட்டுமே பொருத்துகிறது. சொற்களைப் பிரித்தெழுதும் ஆங்கிலத்திற்கு அது பெரும்பாலும் போதும். புணர்ச்சியால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும் தமிழுக்குப் போதாது. இதை எடுத்துச் சொல்லிக் கேட்டபோது, சொல்லின் நடுப்பகுதியிலும் தேடுவதற்கான அமைப்பை எங்கள் கணக்குக்கு இயக்கித் தந்தார்கள். சொல்லடைவு பிடிக்கும் இடம் கணிசமாகக் கூடியது; அந்த விலை எங்களுக்குத் தகும்.

எந்த வழங்கியானாலும் ‘தோட்டம்’ என்று தேடுவது வீண். மடல்களில் தோட்டத்தின், தோட்டத்தில், தோட்டத்துரை என்றுதான் இருக்கும். மகர ஈற்றை விட்டுவிட்டு ‘தோட்ட’ என்று கொடுத்தால் அனைத்தும் வரும். இராமசாமி, ராமசாமி என்று ஒரே பெயர் இரண்டு விதமாகவும், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேறு விதமாகவும் எழுதப்படுவதால், பெயரைவிட அங்கத்துவ இலக்கத்தைத் தேடுவதே மேல்.

யூனிகோடுக்கு முந்தைய பாமினி மடல்கள் தனிக் கதை. அந்த எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது உண்மையில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். தமிழில் தேடினால் அது ஒருபோதும் அகப்படாது. பாமினி விசைகளை அப்படியே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தால் அகப்படும். பழைய தட்டச்சாளரான எங்கள் அக்கா ஒருவர்தான் இதைச் சொல்லிக் கொடுத்தார்.

இவ்வளவு செய்தும் தேடலுக்கு எட்டாதவை, கடிதத்தைப் படமாக வருடி இணைத்து அனுப்பும் மடல்கள். திணைக்களக் கடிதங்களில் பாதிக்குமேல் எங்களுக்கு அப்படித்தான் வருகின்றன. உடலில் ஒரு சொல்லும் இருக்காது. அதனால் அப்படி ஒன்று வந்தவுடன் அதை எங்கள் முகவரிக்கே திருப்பி அனுப்பி, மேலே தோட்டம், பிரிவு, அங்கத்துவ இலக்கம், பெயரின் மூன்று எழுத்து வடிவங்கள் ஆகியவற்றை இரண்டு வரியில் எழுதி வைக்கிறோம். டிக்கோயா அம்மாவின் மடலுக்கும் அப்படி எழுதி வைத்திருக்கிறேன். சென்ற மாதம் அவருடைய மகள் அதன் பிரதி கேட்டு வந்தபோது, அவர் குடையை மடக்கி வைப்பதற்குள் எடுத்துக் கொடுத்தேன்.