ஐஸா, டிரை ஐஸா, ஃபார்மலினா? கால்நடை நோய் மாதிரி அனுப்பும் வழிகள்: ஓர் ஒப்பீடு

செத்த ஆட்டின் ஈரல் துண்டை ஃபார்மலினில் போட்டு, பாக்டீரியா வளர்த்துப் பார்க்கச் சொல்லி அனுப்பினால் ஆய்வகத்தில் ஒன்றும் முளைக்காது. ஃபார்மலின் எல்லாவற்றையும் கொன்றிருக்கும். அதே துண்டை ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்துத் திசு நோய்க்குறியியலுக்கு அனுப்பினாலும் வீண்தான். பனித்துகள் செல்களைக் கிழித்திருக்கும், ஸ்லைடில் ஓட்டைகள்தான் தெரியும். ஆகவே 'எது சிறந்த முறை' என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தச் சோதனைக்கு, எத்தனை மணி நேரப் பயணம் என்ற இரண்டையும் முடிவு செய்த பிறகே பாட்டிலைக் கையில் எடுக்க வேண்டும்.

குளிர்: ஐஸ்கட்டி, ஜெல் பேக், டிரை ஐஸ்

ஜெல் பேக்கில் ஐஸைவிடக் கூடுதல் குளிர் இருப்பதாகப் பலரும் நம்புகிறார்கள். உள்ளே இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர்தான். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது சுமார் 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்; வழக்கமான ஜெல் பேக் இதைத் தாண்டுவதில்லை. ஒழுகாது என்பதுதான் அதன் உண்மையான லாபம். ஆனால் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு, அதாவது மைனஸ் 18 டிகிரியில், ரத்தக் குழாயை ஒட்டி வைத்தால் ரத்தம் உறைந்து சிவப்பணுக்கள் உடைந்துவிடும். தெய்லேரியா, பேபிசியா என்ற ரத்த ஒட்டுண்ணிகளைப் பார்க்க, உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. சேர்த்து அனுப்பிய ரத்தம் திராட்சை ரசம்போல் போய்ச் சேருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உருகிக்கொண்டிருக்கும் ஐஸ்கட்டிக்கு இந்தக் குற்றம் இல்லை. அது பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழே போகாது. உப்பு சேர்த்தால் போய்விடும். மீன் கடை ஐஸ் வாங்குகிறவர்கள் உப்பு கலந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். ஐஸின் தொல்லை தண்ணீர்: லேபிள் உரியும், மை கரையும், மூடி இடுக்கு வழியாக மாதிரிக்குள்ளேயே இறங்கும். இரண்டின் நல்லதும் சேர வேண்டுமானால் தண்ணீர் பாட்டில் போதும். முக்கால் பங்கு நீர் ஊற்றி உறைய வைத்து, வெளியே எடுத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும் வரை காத்திருந்து பெட்டியில் வைக்கலாம். தடுப்பூசி கேரியரின் ஐஸ் பேக்குக்குச் சொல்லும் விதி அப்படியே இதற்கும் பொருந்தும்.

பலர் மறப்பது மாதிரியின் சொந்தச் சூடு. அப்போதுதான் செத்த 2 கிலோ கோழியின் உடல் 41 டிகிரியில் இருக்கும். அதை 4 டிகிரிக்குக் கொண்டுவரவே முக்கால் கிலோவுக்கு மேல் ஐஸ் கரைந்துபோகும். பயணத்துக்கு மிஞ்சுவது என்ன? இறந்த பறவையானாலும் உறுப்பானாலும் முதலில் குளிர்சாதனப் பெட்டியில் சில மணி நேரம் வைத்து ஆற்றிவிட்டுப் பெட்டி கட்ட வேண்டும். ஒரு இரவுப் பயணத்துக்கு மாதிரியின் எடையைப்போல் இரு மடங்கு ஐஸ் என்பது கைக்கணக்கு. கோடையில் மூன்று மடங்கு. தெர்மாகோல் சுவர் இரண்டரை சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. தடுப்பூசி வந்த பெட்டிகள் மருந்தகத்தில் சும்மா கிடக்கும், விரிசல் இல்லாவிட்டால் அவையே போதும்.

டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, வேறு ஜாதி. மைனஸ் 78.5 டிகிரி, உருகாமல் நேரே வாயுவாகிவிடும். நடுத்தரத் தெர்மாகோல் பெட்டியில் நாளுக்கு 2 முதல் 3 கிலோ கரையும் என்பதால் இரண்டு நாள் பயணத்துக்கு 5 கிலோவுக்குக் குறைவாக வைப்பது சூதாட்டம். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கரியமில வாயுவைக் கக்கும். காற்றுப் புகாத டப்பாவில் அடைத்தால் வெடிக்கும். கண்ணாடி ஏற்றிய காருக்குள் வைத்தால் ஓட்டுநருக்கு மயக்கம் வரும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு குறையும் உண்டு. மூடி சரியாக இறுகாத குழாய்க்குள் அந்த வாயு புகுந்து திரவத்தை அமிலமாக்கிவிடும். கோமாரி நோய் வைரஸ் பி.எச். 6-க்குக் கீழே உயிர் தரிக்காது. மைனஸ் 78-இல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த மாதிரியில் வைரஸ் செத்துக் கிடக்கும். டிரை ஐஸில் அனுப்பும் ஒவ்வொரு குழாயின் கழுத்திலும் பாராஃபிலிம் என்ற இழுபடும் ஒட்டுத்தாள் சுற்றி, இறுக மூடிய இரண்டாம் டப்பாவுக்குள் வைத்தே ஆக வேண்டும்.

இரண்டு நாளுக்குள் ஆய்வகம் சேரும் மாதிரிக்கு 2 முதல் 8 டிகிரி போதும். தமிழ்நாட்டுக்குள் எங்கிருந்தும் மாதவரம், நாமக்கல், ராணிப்பேட்டை ஆய்வகங்களுக்கு ஒரே இரவில் போய்விடலாம். அதற்கு டிரை ஐஸ் தேடி அலைவது வீண் செலவு. வெளிமாநிலத்துக்கு, 48 மணி நேரத்தைத் தாண்டும் வைரஸ் மாதிரிக்கு மட்டும் டிரை ஐஸ். அப்போதும் முழு ரத்தத்தையோ திசுவியல் துண்டையோ அதில் வைக்கக் கூடாது. ஒரு முறை உறைந்தது வழியில் இளகி மறுபடி உறைந்தால், முதலிலிருந்தே ஐஸில் அனுப்பியதைவிட மோசம்.

ஃபார்மலின் வேண்டிய இடம், வேண்டாத இடம்

திசு நோய்க்குறியியலுக்கு அதற்குப் போட்டியே இல்லை. கடையில் கிடைக்கும் 37–40 சதவீத ஃபார்மால்டிஹைடு 100 மி.லி., தண்ணீர் 900 மி.லி. சேர்த்தால் 10 சதவீத ஃபார்மலின். வெறும் தண்ணீரில் கலந்தது நாளாக ஆக அமிலமாகி, ரத்தம் நிறைந்த திசுக்களில் பழுப்பு நிறக் கறையை விட்டுவிடும். சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 4 கிராம், டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 6.5 கிராம் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை. திசு ஒரு பங்குக்குத் திரவம் பத்துப் பங்கு. துண்டின் தடிமன் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. முழு சிறுநீரகத்தை அப்படியே போட்டால் மேல்தோல் வெந்ததுபோல் இருக்கும், நடுவே அழுகியிருக்கும்.

பாட்டிலின் வாய் அகலமாக இருக்க வேண்டும். இளசாக இருக்கும்போது குறுகிய வாய்க்குள் திணித்த துண்டு ஃபார்மலினில் விறைத்துவிடும், ஆய்வகத்தில் பாட்டிலை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

கனம் கவலையாக இருந்தால் 24 முதல் 48 மணி நேரம் ஊறவிட்டுத் திரவத்தை வடித்து, ஃபார்மலினில் நனைத்த காஸ் துணியில் சுற்றி, இரண்டு ஜிப் கவருக்குள் போட்டு அனுப்பலாம். ஐஸ் தேவையில்லை.

ஃபார்மலின் பாட்டிலை ரத்தப் பூச்சு ஸ்லைடுகளோடு ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. மூடி இறுகியிருந்தாலும் ஆவி கசியும். உலர்த்திய ஸ்லைடில் அது பட்டால் ஜீம்சா சாயம் சரியாக ஏறாது. இரண்டு பெட்டி, இரண்டு பார்சல். செலவு கூடத்தான் செய்யும்.

கிளிசரால் பாட்டிலும் வி.டி.எம். குழாயும்

கோமாரியில் நாக்கிலோ குளம்பிடுக்கிலோ உடையாத கொப்புளத்தின் தோல் குறைந்தது ஒரு கிராம் வேண்டும். அதற்குக் கிளிசராலும் பாஸ்பேட் பஃபரும் சம அளவு, பி.எச். 7.2 முதல் 7.6. கால்நடை மருந்தகத்தில் தயாராக வைத்திருக்க இதுவே வசதி. குளிர் கொஞ்சம் முன்பின் ஆனாலும் திசு அழுகாமல் தாங்கும். மூக்கு, தொண்டை, எச்சக் குழி ஸ்வாப்களுக்கு (பஞ்சுக்குச்சி மாதிரிகளுக்கு) வி.டி.எம். எனும் வைரஸ் கடத்து ஊடகம் நல்லது, ஆனால் அதைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும்.

இரண்டுமே பாக்டீரியா வளர்ப்புக்கு உதவாது. வி.டி.எம்மில் ஆன்டிபயாட்டிக் கலந்திருக்கிறது, கிளிசராலும் பாக்டீரியாவுக்கு ஆகாது. சந்தேகம் இரண்டு பக்கமும் இருந்தால் ஸ்வாப் இரண்டாக எடுத்து, ஒன்றை, பாக்டீரியாவை உயிரோடு வைத்திருக்கும் ஏமிஸ் ஊடகத்தில் போடுங்கள். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சு பி.சி.ஆரைத் தடுக்கக்கூடும், பிளாஸ்டிக் குச்சி, பாலியஸ்டர் முனைதான் நல்லது.

துள்ளுமாரி நோய்க்குக் குடலில் உள்ள நஞ்சைத்தான் தேட வேண்டும், அது சீக்கிரம் சிதையும். குடல் திரவத்தில் 10 மி.லி.க்கு ஒரு சொட்டு குளோரோஃபார்ம் விட்டு ஐஸில் வைப்பது பழைய வழி, இன்றும் பொருந்துகிறது. இளம் சோளப்பயிர் மேய்ந்து செத்த மாடானால் இரைப்பைச் சரக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி உடனே உறைய வைக்க வேண்டும். சயனைடு ஆவியாகப் பறந்துவிடும். அரை டப்பா சரக்கு என்றால் மேலே உள்ள வெற்றிடத்துக்குள் அது ஏறிவிடும்.

வெறிநோய்: முழுத் தலையா, உறிஞ்சுகுழலா?

முழுத் தலையை அனுப்பினால் ஆய்வகம் தனக்கு வேண்டிய மூளைத்தண்டு, சிறுமூளை, ஹிப்போகேம்பஸ் மூன்றையும் ஒழுங்காக வெட்டி எடுக்கும். 'இல்லை' என்ற முடிவை நம்புவதற்கு மூளைத்தண்டின் முழுக் குறுக்குவெட்டு வேண்டும் என்பதால் இதன் மதிப்பு அதிகம். ஆனால் தலை மெதுவாகத்தான் குளிரும், கசியும், அறுக்கும்போது திரவம் தெறிக்கும்.

மாற்று வழியில் தலைக்கும் கழுத்துக்கும் இடையே பின்தலை ஓட்டையைத் திறந்து, சுமார் 5 மி.மீ. உறிஞ்சுகுழலைக் கண் இருக்கும் திசையில் திருகிச் செலுத்துவார்கள். மூளைத்தண்டு தொடங்கிப் பெருமூளை வரை குழலுக்குள் வந்துவிடும். மண்டையோட்டைத் திறக்க வேண்டாம், ஐந்து நிமிட வேலை, சின்னக் குழாயில் அடங்கும்.

மனிதரைக் கடித்த நாய், ஆய்வகம் ஒரு நாள் தொலைவு என்றால் முழுத் தலை. மாட்டுக்கு உறிஞ்சுகுழல், மாட்டுத் தலையைத் தெர்மாகோல் பெட்டியில் அடைப்பது நடக்கிற காரியமில்லை. ஐஸ் கிடைக்காத இடத்தில் மூளைத் துண்டு 50 சதவீதக் கிளிசரால் பஃபரில் போகலாம், ஃபார்மலினில் போகக் கூடாது. இரண்டு வழியிலும் வேலை செய்கிறவர் வெறிநோய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும், கண்ணாடியும் கனமான கையுறையும் அணிய வேண்டும். நாயைத் தலையில் அடித்துக் கொன்றிருந்தால் இரண்டுமே பயன்படாமல் போகலாம்.

அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்ச் சந்தேகத்தில் ஒப்பீட்டுக்கு இடமில்லை. உடலைத் திறக்கக் கூடாது, காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். காதின் ரத்த நாளத்தில் ஊசி குத்தி ஒரு ரத்தப் பூச்சு, அவ்வளவே. பூச்சை நெருப்பில் காட்டியதால் வித்து செத்துவிட்டதாக நினைத்து ஸ்லைடை வெறும் காகிதத்தில் மடித்து அனுப்பாதீர்கள்.

விலைக்கு வாங்கும் பெட்டி, நாமே கட்டும் பெட்டி

மூன்று உறை என்பது இரண்டுக்கும் பொது. முதலில் திருகு மூடிக் குழாய். ரப்பர் அடைப்பான் குலுங்கலில் கழன்றுவிடும். அடுத்து, குழாய் உடைந்தால் திரவம் முழுவதையும் உறிஞ்சுமளவு பஞ்சோடு இறுகிய டப்பா. அதற்கு வெளியே ஐஸ், தெர்மாகோல், அட்டைப்பெட்டி. டப்பாவுக்குள் ஐஸைப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சாலை வழியே ஆளோடு போகும் மாதிரிக்கு நாமே கட்டியது போதும். விமானத்தில் போவதானால் நோய் மாதிரிகளுக்கான யு.என். 3373 தரப் பெட்டியை வாங்கிவிடுவதே மேல். திரவ மாதிரிக்கு உள் உறைகளில் ஒன்றாவது 95 கிலோபாஸ்கல் அழுத்த வேறுபாட்டைத் தாங்க வேண்டும், பொதி 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உடையக் கூடாது. பலகாரக் கடை டப்பாவால் இதற்கு உத்தரவாதம் தர முடியாது. திரவம் ஒரு குழாயில் ஒரு லிட்டரையும் மொத்தப் பொதியில் நான்கு லிட்டரையும் தாண்டக் கூடாது. டிரை ஐஸ் இருந்தால் யு.என். 1845 என்ற எண்ணும் கிலோ அளவும் வெளியே தெரிய வேண்டும்.

யார் கொண்டுபோவது?

பஸ் பார்சல் மலிவு, இரவோடு இரவாகச் சேரும். ஆனால் எஞ்சின் பக்கத்துச் சாமான் அறையில் பெட்டி வேகும், அதிகாலையில் இறக்கிய பெட்டி யாரும் எடுக்காமல் வெயில் ஏறும் வரை கிடக்கும். கூரியரில் சேரும் நேரம் நிச்சயமில்லை, உள்ளே இருப்பது தெரிந்தால் பலர் வாங்கவும் மாட்டார்கள். சீரம், ஃபார்மலின் துண்டுகள் இந்த வழிகளைத் தாங்கும். சீரத்தையும் ரத்தக்கட்டியிலிருந்து பிரித்த பிறகே அனுப்ப வேண்டும். கட்டியோடு குலுங்கினால் செந்நிறமாகிவிடும். உயிருள்ள வைரஸ் வேண்டிய மாதிரிக்கு ஆள்தான்.

பறவைக் காய்ச்சல் சந்தேகத்தில் மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் தேசிய நிறுவனத்துக்குத் தனித் தூதர் மூலமே போகிறது. பயணி என்ற முறையில் அந்தப் பெட்டியை விமானத்தில் கைப்பையிலோ செக்-இன் பெட்டியிலோ எடுத்துப்போக அனுமதியில்லை, சரக்காக முன்பதிவு செய்ய வேண்டும்.

எந்த வழியானாலும் வெள்ளிக்கிழமை மாலை அனுப்பாதீர்கள். கோரிக்கைப் படிவம் டப்பாவுக்கு வெளியே, அட்டைப்பெட்டிக்கு உள்ளே, தனி பிளாஸ்டிக் உறையில் இருக்கட்டும். குழாய் மேல் எழுதுவது பென்சிலிலோ அழியாத மார்க்கரிலோ. மூடியில் எழுதாமல் குழாயின் உடம்பில் எழுதுங்கள், மூடிகள் மாறிப்போகும்.