நுரையீரல் வைரஸ் தொற்று: சி.டி. ஸ்கேனா, ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையா?

காய்ச்சலும் இருமலும் கண்டவுடன் ஆர்.டி.பி.சி.ஆர். எனும் சளிப் பரிசோதனையைத் தவிர்த்து நேரே சி.டி. ஸ்கேன் மையத்துக்குச் செல்ல நினைக்கும் காரைக்குடி, தேவகோட்டை வட்டார மக்கள், இவ்விரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை என்பதை முதலில் அறிய வேண்டும்.

ஆர்.டி.பி.சி.ஆர். வைரஸின் மரபணுத் துணுக்கையே தேடுவதால், தொற்று எதனால் வந்தது என்று பெயரிட்டுச் சொல்கிறது. எக்ஸ்-கதிர்களால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் சி.டி. ஸ்கேன் காட்டுவது வைரஸை அன்று. நுரையீரலில் அது விளைவித்த மாற்றத்தையே. கோவிட் நிமோனியாவில், செட்டிநாட்டு வீட்டு ஜன்னலின் மங்கலான கண்ணாடி வழியே பார்ப்பதுபோல, இரத்தக் குழாய்கள் மறையாத வெண்மை இரு நுரையீரல்களின் ஓரங்களிலும் கீழ்ப்பகுதியிலும் பெரும்பாலும் தென்படும். ஆனால் இன்புளூயன்சாவிலும், சில மருந்துகளின் பக்கவிளைவிலும்கூட இத்தகைய தோற்றம் வரலாம். நோயின் முதல் ஓரிரு நாட்களில் படம் முற்றிலும் இயல்பாகவும் இருக்கலாம். கதிரியல் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 2020 மார்ச்சிலேயே, கோவிட்டைக் கண்டறியும் முதல் பரிசோதனையாக சி.டி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று கூறியது.

சளி சரியாக எடுக்கப்படாவிட்டால் ஆர்.டி.பி.சி.ஆர். தவறக்கூடும் என்பதும் உண்மைதான். முடிவு 'இல்லை' என வந்தும் மூச்சுத்திணறல் கூடினாலோ, இரத்த ஆக்சிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ, நுரையீரல் இரத்தக் குழாயில் அடைப்பு உண்டோ என்ற ஐயம் எழுந்தாலோ, சி.டி.க்கு ஈடில்லை, அந்நிலையில் கதிர்வீச்சுக்கு அஞ்சி மருத்துவர் கேட்கும் ஸ்கேனைத் தள்ளிப்போடுவதே பெரிய ஆபத்து என்பது என் உறுதியான கருத்து.