கரண்ட்->பிஐடியா, டாஸ்க்_பிஐடி_என்ஆரா?

கல்லடியில் வீட்டிலிருந்தபடி ஒரு சென்சருக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். டிரைவரை எந்த ப்ரொசெஸ் (ஓடும் நிரல்) திறந்தது என்று கேர்னல் லொக்கில், அதாவது லினக்ஸின் மையப்பகுதி எழுதும் பதிவேட்டில், அதன் பிஐடியோடு (ப்ரொசெஸின் அடையாள இலக்கம்) பதிய வேண்டும். கேர்னலில் கரண்ட் என்றால் அந்த நேரம் ஓடும் ப்ரொசெஸ். நேராக கரண்ட்->பிஐடி என்று எழுதலாம், இல்லாவிட்டால் டாஸ்க்_பிஐடி_என்ஆர் போன்ற உதவிச் சார்பைக் கூப்பிடலாம். நான் இப்போது சார்பின் பக்கம்.

வேகத்தில் வித்தியாசம் கிடையாது. அது ஒரு இன்லைன் சார்பு, கூப்பிடும் இடத்திலேயே அதன் வரிகள் பதிந்துவிடும். உள்ளே அதே பிஐடியைத்தான் எடுத்துத் தருகிறது. நேரடி வழியில் தட்டச்சு குறைவு, அவ்வளவுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது பராமரிப்பு. 2008 ஜனவரியில் வந்த 2.6.24 கேர்னலோடு பிஐடி நேம்ஸ்பேஸ், அதாவது ப்ரொசெஸ் இலக்கங்களுக்கான தனித்தனி வட்டம், சேர்ந்தது. அதன் பிறகு ஒரே ப்ரொசெஸுக்குப் பல இலக்கங்கள் இருக்கலாம்: ஹோஸ்டில் (முழு இயந்திரத்தில்) 18342, கொன்டெய்னருக்குள் (அதில் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழலுக்குள்) 7. சார்பின் பெயரே எது வேண்டும் என்று சொல்லிவிடும். என்ஆர் என்றால் ஹோஸ்ட் பார்க்கும் இலக்கம், விஎன்ஆர் என்றால் ஓடிக்கொண்டிருக்கும் ப்ரொசெஸின் நேம்ஸ்பேஸ் பார்க்கும் இலக்கம். வெறும் கரண்ட்->பிஐடியும் ஹோஸ்ட் இலக்கம்தான். ஆனால் எழுதியவர் தெரிந்து எழுதினாரா, கைப்பழக்கத்தில் எழுதினாரா? ஆறு மாதம் கழித்து என் வரியைப் பார்த்து எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

சார்பு இருந்தும் பிழை விடலாம், நான் விட்டேன். லொக்கில் விஎன்ஆரைப் போட்டுவிட்டேன். இரண்டு கொன்டெய்னர்கள் ஓடின, இரண்டும் 7 என்று எழுதின. காத்தான்குடியிலும் 7ஆம் இலக்க வீடு உண்டு, ஆரையம்பதியிலும் உண்டு. ஊரைச் சொல்லாமல் இலக்கத்தை மட்டும் கொடுத்தால் தபால்காரர் என்ன செய்வார்? பாதி இரவு போன பிறகுதான் பிடிபட்டது. திருத்தம் ஒரே ஒரு எழுத்து. லொக்கைப் படிப்பவர் ஹோஸ்டில் இருப்பவர், அவருக்கு என்ஆர்தான் வேண்டும்.

இன்னொன்று, கேர்னலில் பிஐடி என்பது உண்மையில் த்ரெட்டின், அதாவது ப்ரொசெஸுக்குள் ஓடும் தனி இழையின், இலக்கம். ப்ரொசெஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை வழக்கமாகக் காட்டும் இலக்கத்தோடு ஒப்பிட, முழு ப்ரொசெஸின் இலக்கத்தைத் தரும் டாஸ்க்_டிஜிஐடி_என்ஆர் வேண்டும்.

நேம்ஸ்பேஸைக் கையில் கொடுத்துக் கேட்கும் என்ஆர்_என்எஸ் வகையை நான் சோதனைக்கு மட்டுமே தொட்டிருக்கிறேன், ஆகவே அதைப் பற்றிப் பெரிதாகப் பேச மாட்டேன். இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள் (வன்பொருள் குறுக்கிடும்போது ஓடும் சார்புக்குள்) என்றால் இந்த விவாதமே வேண்டாம். அங்கே கரண்ட் என்பது அந்த நேரம் தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு ப்ரொசெஸ். அந்த வரிகளிலிருந்து பிஐடியையே எடுத்துவிட்டேன்.