சாயத்துக்கு எந்த உப்பு: சாதா உப்பா, கிளாபர் உப்பா?

திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போட உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. தண்ணீரில் பருத்தி நூலுக்கும் எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம், ரியாக்டிவ் சாயத்துக்கும் (பருத்தியோடு வேதிவினையால் பிணையும் சாயம்) அதே நெகட்டிவ் மின்னூட்டம், ரெண்டும் ஒன்றையொன்று தள்ளும்; உப்பு நடுவே புகுந்து அந்தத் தள்ளலைக் குறைத்தால்தான் சாயம் நூலில் ஏறும். அடர் நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போகும்.

சாதா உப்பு விலை குறைவு, தூத்துக்குடியிலிருந்து லாரி லாரியாக வரும், சூடோ குளிரோ 100 மில்லி தண்ணீரில் சுமார் 36 கிராம் கரையும். ஆனால் கடல் உப்போடு கால்சியமும் மக்னீசியமும் ஒட்டிக்கொண்டு வரும். மூட்டை மழைக்காலத்தில் கசகசவென்று ஈரமாவது அந்த மக்னீசியத்தால்தான். சாயத்தொட்டியில் அதுவே நிறத்தை மங்கடித்து, திட்டுத் திட்டாக்கிவிடும். இன்னொன்று, சாதா உப்பில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையே புள்ளி புள்ளியாக அரிக்கும்.

கிளாபர் உப்பு, அதாவது சோடியம் சல்பேட், இந்த அரிப்பில் எவ்வளவோ தேவலை, டர்க்காய்ஸ் என்கிற பச்சை கலந்த நீல நிறத்துக்குப் பலரும் தேடுவது இதைத்தான். விலைதான் கூட. அப்புறம், குளிரில் அவ்வளவாகக் கரையாது. அந்தக் குறையே கழிவுநீரில் கைகொடுக்கிறது: குளிர்வித்தால் படிகமாகப் பிரியும், அள்ளி மறுபடி போடலாம். கழிவுநீர்ப் பிரச்சினைக்காக 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட ஊரில் இது சின்ன விஷயமில்லை.

சுத்தம் செய்த உப்பு கிடைத்து, தொட்டியும் அரித்தால் கவலைப்படாத அளவுக்குப் பழசு என்றால் சாதா உப்பே போதும். மற்றபடி என் கை கிளாபர் பக்கம்தான் போகும்.