செமி ஆட்டோ ஷாட்கன்: கேஸா, இனர்ஷியாவா?

பறவை வேட்டைக்கு செமி ஆட்டோ ஷாட்கன் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி நல்லது என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். பெயர் எடுத்த கம்பெனிகள் எல்லாமே இன்று நன்றாக ஓடுகிற துப்பாக்கியைத்தான் செய்கின்றன. வித்தியாசம், அவை எப்போது எப்படி நின்றுபோகும் என்பதில் இருக்கிறது. ஒரு வகை அழுக்கு சேர்ந்தால் நிற்கும், இன்னொரு வகை தோட்டா மெலிந்தால், அதாவது அதன் உதைப்பு குறைந்தால், நிற்கும். நீங்கள் போடப்போகும் தோட்டா என்ன, சுட்டு முடித்த பிறகு துப்பாக்கியைத் துடைக்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாயிற்று.

முதலில் கேஸ் வகை. குழலில் சிறு துளைகள் இருக்கும். வெடிமருந்து எரிந்து வரும் வாயுவில் ஒரு பங்கு அந்தத் துளை வழியே இறங்கி ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன், குழலின் பின்வாயை மூடியிருக்கும் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள, காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது ஏறும். பெரெட்டா ஏ400, ஏ300, வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4, பிரௌனிங் மாக்ஸஸ், மோஸ்பெர்க் 940, ரெமிங்டன் 1100 எல்லாம் இந்தக் கூட்டம்.

இனர்ஷியா வகையில் துளையும் இல்லை, பிஸ்டனும் இல்லை. நிற்கும் பஸ் சட்டென்று கிளம்பினால் உள்ளே நிற்பவர் பின்னால் சாய்வாரே, அதேதான். சுட்டதும் துப்பாக்கி முழுவதும் பின்னால் உதைக்கிறது. கனமான போல்ட் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. போல்ட் உடலுக்கும் அதன் தலைக்கும் நடுவே இருக்கும் தடித்த ஸ்பிரிங் நசுங்குகிறது. உதைப்பு தணியும்போது அந்த ஸ்பிரிங் விரிந்து போல்ட்டைப் பின்னால் எறிகிறது. தலை சுழன்று பூட்டு விடுகிறது. 1960களில் புரூனோ சிவோலானி வடிவமைத்த இந்த ஏற்பாட்டை வைத்துத்தான் 1967இல் இத்தாலியின் உர்பினோவில் பெனெல்லி தொடங்கியது. எம்2, சூப்பர் பிளாக் ஈகிள், மான்டெஃபெல்ட்ரோ இதன் பிள்ளைகள். ஃபிராங்கி அஃபினிட்டியும் ஸ்டோகர் எம்3000மும் இதே குடும்பம். சொல்லப்போனால் பெனெல்லி, ஃபிராங்கி, ஸ்டோகர் மூன்றும் இன்று பெரெட்டா குழுமத்தின் கையில்தான் இருக்கின்றன. பெரெட்டாவா பெனெல்லியா என்று கட்சி கட்டிச் சண்டை போடுகிறவர்கள் ஒரே கல்லாப்பெட்டிக்குத்தான் பணம் கட்டுகிறார்கள்.

இனி, இவை எப்படி நிற்கும் என்று பார்ப்போம்.

கேஸ் துப்பாக்கிக்குள் ஒவ்வொரு முறையும் புகையும் கரியும் புகுகின்றன. பிஸ்டனைச் சுற்றியும், தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாய் மேலும் கரி இறுகும். ஆனால் அது திடீரென்று கழுத்தை அறுக்காது. முதலில் காலித் தோட்டா தள்ளிப் போய் விழாமல் பக்கத்திலேயே விழும். அப்புறம் மெல்லிய தோட்டாக்கள் சரியாக வெளியேறாமல் சிக்கும். அப்போதும் கனத் தோட்டா ஓடிக்கொண்டிருக்கும். கவனிக்கிறவருக்கு இது போதுமான எச்சரிக்கை. பத்து நிமிடம் துடைத்தால் மறுபடி ஓடும். புதிய வடிவங்களில் இந்தத் தொல்லை நிறையவே குறைந்துவிட்டது. ஏ400இன் பிஸ்டனில் ஒரு நெகிழும் வளையம் போகும் வழியிலேயே கரியைச் சுரண்டிவிடுகிறது. 940ஐ 1,500 தோட்டா வரை துடைக்காமல் சுடலாம் என்பது மோஸ்பெர்க் சொல்லும் கணக்கு. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

இனர்ஷியா துப்பாக்கியில் புகை எல்லாம் குழலின் வாய் வழியே வெளியே போய்விடும். உள்ளே சுத்தமாகவே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இதைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அது நிற்கும்போது முன்னறிவிப்பு இல்லாமல் நிற்கும். இந்த ஏற்பாடு வேலை செய்ய துப்பாக்கி தாராளமாகப் பின்னால் நகர வேண்டும். தோட்டா மெல்லியதாக இருந்தால் நகர்வு போதாது. டார்ச், கூடுதல் மேகசின் என்று எடையை ஏற்றினாலும் போதாது. குளிருக்குத் தடித்த உடையைப் போட்டுக்கொண்டு கட்டையைத் தோளில் சரியாகப் பதிக்காமல் சுட்டாலும் சில சமயம் தகராறுதான். போல்ட் உள்ளே கெட்டியான எண்ணெயைக் கொட்டிவிட்டு உறைபனிக் காலையில் கிளம்பினால் கேட்கவே வேண்டாம்.

இதில் இன்னொரு குறை உலகறிந்தது. ‘பெனெல்லி கிளிக்’ என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். சத்தம் வரக்கூடாது என்று போல்ட்டைக் கையால் மெதுவாக மூடினாலோ, நடக்கும்போது கைப்பிடி எதிலாவது இடித்துக்கொண்டாலோ, போல்ட் தலை ஒரு நூல் அளவு சுழன்று பூட்டாமல் நிற்கும். பார்வைக்கு மூடியதுபோலவே இருக்கும். வாத்து தலைக்கு மேல் வரும், விசையை அழுத்துவீர்கள், ‘கிளிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வரும். 2017இல் வந்த சூப்பர் பிளாக் ஈகிள் 3இல் தலையைச் சுழற்றிப் பூட்ட உதவும் ஒரு தடுப்பைச் சேர்த்து இதைச் சரிசெய்தார்கள். பழைய மாடல் வைத்திருப்பவர் போல்ட்டைப் பின்னால் இழுத்து விட்டுவிட வேண்டும், கை பிடித்துக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலை உண்டு: பின்கட்டைக்குள் ஒளிந்திருந்து போல்ட்டை மறுபடி முன்னால் தள்ளும் திரும்பு ஸ்பிரிங். எம்2, சூப்பர் பிளாக் ஈகிள், ரெமிங்டன் 1100 ஆகியவற்றில் அது அங்கேதான் இருக்கிறது. துப்பாக்கி சதுப்பில் விழுந்தாலோ, நாள் முழுக்க மழை குடித்தாலோ, நீர் அந்தக் குழாய்க்குள் தங்கி துரு பிடிக்கும். கட்டையைக் கழற்றாமல் அதைப் பார்க்க முடியாது, அதனால் யாரும் பார்ப்பதில்லை. ‘என் துப்பாக்கி ரொம்ப நாளாக நன்றாக ஓடியது, இப்போது சோம்பிவிட்டது’ என்று புலம்புபவர்களில் பலருக்கு நோய் அந்தக் குழாயில்தான். அஃபினிட்டியில் இந்த ஸ்பிரிங் முன்கட்டைக்குள் மேகசின் குழாயைச் சுற்றி இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றினால் கைக்கு வந்துவிடும். நீர்ப்பறவைக்குப் போகிறவர், விலை குறைந்த உடன்பிறப்பு என்று அஃபினிட்டியை ஒதுக்காமல் இதை யோசிக்க வேண்டும்.

சரி, தோட்டாவுக்கு வருவோம். முடிவு உண்மையில் இங்கேதான் இருக்கிறது.

காடை, கவுதாரி, புறா என்றால் 12 போரில் (போர் என்பது குழலின் அளவு, எண் சிறிதானால் குழல் பெரிது) 24 முதல் 32 கிராம் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள், போதும். அந்த அளவின் கீழ்ப்பாதியில் கேஸ் துப்பாக்கிக்கே கை ஓங்கும். 3 அங்குல அறை (அந்த நீளம் வரையான தோட்டா உட்காரும் இடம்) கொண்ட ஏ400 எக்ஸ்ப்ளோர் மெல்லிய தோட்டாவையும் கனத் தோட்டாவையும் மாற்றி மாற்றிப் போட்டாலும் முகம் சுளிக்காது. இனர்ஷியா துப்பாக்கிகளைப் புதிதில் 32 கிராமும் அதற்கு மேலும் போட்டுப் பழக்க வேண்டும். பழகிய பிறகு பெரும்பாலும் 28 கிராம் ஓடும். 24 கிராமில் ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம். களிமண் தட்டுப் பயிற்சிக்கும் அதே துப்பாக்கிதான் என்றால் இதைத் தீர யோசியுங்கள், ஏனென்றால் ஆண்டு முழுக்க நீங்கள் சுடப்போவதில் பெரும்பகுதி அந்த மெல்லிய தோட்டாதான்.

வாத்து வேட்டையில் கணக்கு தலைகீழ். நீர்நிலைகளில் ஈய ரவைக்குப் பல நாடுகளில் தடை இருக்கிறது. அமெரிக்காவில் 1991இலிருந்து நீர்ப்பறவைக்கு நாடு முழுக்கத் தடை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 பிப்ரவரியிலிருந்து சதுப்பு நிலங்களில் தடை. எஃகு ரவையின் அடர்த்தி 7.8, ஈயத்துக்கு 11.3. அதே தூரம் அதே வேகத்தில் போக எஃகு ரவை பெரியதாக இருக்க வேண்டும், அதனால் தோட்டாவில் இடமும் அதிகம் வேண்டும். 1988இல் 3.5 அங்குலத் தோட்டா பிறந்ததே இதற்காகத்தான். 1991இல் அதைச் சுடும் முதல் செமி ஆட்டோவாக சூப்பர் பிளாக் ஈகிள் வந்தது. இந்தக் கனத் தோட்டாக்களில் இனர்ஷியா பிசகாமல் ஓடும். சேறு, உப்புக் காற்று, மழை எல்லாம் தாங்கும். ஆனால் தோள் தாங்குமா என்பது வேறு கேள்வி.

கேஸ் வகை உதைப்பைக் கொஞ்சம் நீட்டி, மெதுவாகத் தோளுக்குக் கொடுக்கிறது. மொத்த உதைப்பு பெரிதாகக் குறைந்துவிடாது, குத்தாமல் தள்ளுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். கட்டையில் ஹைட்ராலிக் தணிப்பான் வைத்த ஏ400 எக்ஸ்ட்ரீம் பிளஸ் 3.5 அங்குலத்தையும் பொறுக்கும்படி ஆக்குகிறது. எடையும் சுமார் 3.5 கிலோ. சதுப்பில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு அந்த எடை நன்மை, மேட்டிலும் புதரிலும் நடப்பவருக்குத் தண்டனை.

3.5 அங்குலம் பற்றி என் கருத்து நேரானது: பெரும்பாலோருக்குத் தேவையில்லை. அந்த அறை கொண்ட துப்பாக்கிகள் மெல்லிய தோட்டாவில் கூடுதலாகச் சிணுங்கும். பெருவாத்துகளுக்காகவே போகிறவரைத் தவிர மற்றவர்களுக்கு 3 அங்குலமும் நல்ல எஃகு ரவையும் போதும். பிஸ்மத் ரவை போட்டால் அடர்த்தி 9.6க்கு ஏறிவிடுகிறது, 3 அங்குலம் தாராளம்.

எடையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது, இனர்ஷியா என்றால் இறகு, கேஸ் என்றால் கல் என்று. எம்2 சுமார் 3.2 கிலோ. ஏ400 எக்ஸ்ப்ளோரும் ஏறக்குறைய அங்கேதான். வித்தியாசம் கையில் உட்காரும் விதத்தில் தெரியும். கேஸ் துப்பாக்கியின் முன்கட்டை தடிமனாக, எடை முன்னால் சாய்ந்து இருக்கும். பறவையோடு சேர்ந்து வீசும்போது அது நிற்காமல் ஓட உதவும். இனர்ஷியா துப்பாக்கி கைகளுக்கு நடுவே மெலிதாக நிற்கும், புதரிலிருந்து வெடித்துக் கிளம்பும் கவுதாரிக்குச் சட்டென்று ஏறும். நிஜமாகவே இறகு வேண்டும் என்றால் பெனெல்லி அல்ட்ரா லைட் 2.8 கிலோவுக்குள் வருகிறது, ஆனால் கனத் தோட்டா போட்டால் தோள் அதை மறக்காது. நடப்பவருக்கு 20 போர் எம்2 இதைவிடப் புத்திசாலித்தனம். வீட்டில் இரண்டு போரும் இருந்தால் ஒரே பையில் தோட்டாக்களைக் கலக்காதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் குழலுக்குள் வழுக்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும், அதன் பின்னால் 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும்.

அமெரிக்கக் கிளை. 1963இல் வந்த ரெமிங்டன் 1100 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. 12 போரில் 3.6 கிலோவுக்குப் பக்கம், சுட இதமானது. மேகசின் குழாய் மேல் இருக்கும் ஒரு சாதாரண ரப்பர் ஓ ரிங் கிழிந்தால் படுத்துக்கொள்ளும், பையில் இரண்டு வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. 2.75 அங்குல அறையும், அதைவிட நீளமான மேக்னம் தோட்டாவுக்கான அறையும் அதில் தனித்தனி மாடல்கள் என்பதை நினைவில் வையுங்கள். 2010இல் வந்த வெர்சா மேக்ஸ்தான் கெட்டிக்காரத்தனமான வடிவம். கேஸ் துளைகள் தோட்டா அறையிலேயே இருக்கும். 2.75 அங்குலத் தோட்டாவுக்கு ஏழு துளையும் திறந்திருக்கும், 3 அங்குலம் வந்தால் தோட்டா உறையே மூன்றை மூடிவிடும், 3.5 என்றால் நான்கை மூடிவிடும். ஆனால் ரெமிங்டன் 2020இல் திவாலாகிப் பகுதி பகுதியாக விற்கப்பட்டது. பழையது கிடைத்தால், உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரித்த பிறகு பணத்தை எடுங்கள். வின்செஸ்டர் எஸ்எக்ஸ்4 பகட்டில்லாத, சொன்னதைச் செய்யும் துப்பாக்கி.

பிரௌனிங் ஆட்டோ 5ஐச் சொல்லாமல் விடமுடியாது. ஜான் பிரௌனிங் இதை வின்செஸ்டரிடம் கொண்டுபோனார், ஒத்துவரவில்லை. 1902இல் ரெமிங்டன் தலைவரைப் பார்க்கக் காத்திருந்த வேளையில் அந்தத் தலைவர் மாரடைப்பில் இறந்துபோனார். கடைசியில் பெல்ஜியத்தின் எஃப்என் செய்தது, 1998 வரை ஓடியது. இது மூன்றாவது வகை: சுட்டதும் குழலும் போல்ட்டும் சேர்ந்தே பின்னால் வரும். உள்ளே இருக்கும் எஃகு வளையத்தைத் தோட்டாவின் கனத்துக்கு ஏற்ப இடம் மாற்றி வைக்க வேண்டும். மெல்லிய தோட்டா அமைப்பில் கனத் தோட்டாவைச் சுட்டால் முன்கட்டை விரிசல் விடும். பழைய 16 போர் சிலவற்றில் அறை 65 மில்லிமீட்டர்தான், இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்கு ஆகாது. பழைய இறுக்கமான சோக் (வாய்ப்பக்கம் குறுகிய) குழலில் எஃகு ரவையும் வேண்டாம். தாத்தாவிடமிருந்து வந்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். முதல் துப்பாக்கியாகத் தேடிப் போய் வாங்க வேண்டாம்.

ஆக, ஒரே துப்பாக்கி, எல்லாப் பறவைக்கும், பயிற்சிக்கும் என்றால் நான் 3 அங்குல கேஸ் வகையைச் சொல்வேன். ஏ400 எக்ஸ்ப்ளோர், கை கடித்தால் ஏ300 அல்டிமா. பெரெட்டாவின் பழைய 390, 391 வழி வந்த அல்டிமாவில் பகட்டு குறைவு, குறையும் குறைவு. ஏ400இன் போல்ட் 36 சதவீதம் வேகம் என்ற விளம்பரத்துக்காக அதிகம் கொடுக்காதீர்கள், எந்தப் பறவையும் அந்த வேகத்தை வைத்து விழப்போவதில்லை. நடந்தே வேட்டையாடி, 32 கிராமுக்குக் கீழே இறங்காமல், துடைப்பதற்குச் சோம்பல்படுகிறவருக்கு எம்2 அல்லது அஃபினிட்டி. ஸ்டோகர் எம்3000 உழைக்கும், ஆனால் முதல் சில பெட்டிகள் கனத் தோட்டாவாகவே இருக்கட்டும்.

வாங்கிய பிறகு சீசனுக்கு முன்பே, நீங்கள் போடப்போகும் மிக மெல்லிய தோட்டா ஒரு பெட்டி, மிகக் கனமானது ஒரு பெட்டி, இரண்டையும் மைதானத்தில் சுட்டுப் பாருங்கள். தோளுக்கு ஏற்பக் கட்டையின் சாய்வை மாற்றும் தகடுகள் பெட்டியிலேயே வரும், அதையும் அன்றைக்கே பொருத்திவிடலாம். மேகசினில் ஏறும் தோட்டா எண்ணிக்கையைக் குறைக்கும் அடைப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் இடம்பெயரும் பறவைகளுக்கு மொத்தம் மூன்று தோட்டாதான் அனுமதி, ஐரோப்பிய ஒன்றியத்தில் மேகசினில் இரண்டு. நீங்கள் சுடும் இடத்தின் விதி எதுவோ, அதற்கான மரக்குச்சியோ பிளாஸ்டிக் குச்சியோ வனக்காவலர் கேட்பதற்கு முன்பே உள்ளே இருக்க வேண்டும்.